என் நுரையீரலும் ஒழுங்கைச் சனமும்

என் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரல் இரண்டும் என்னுடையவை அல்ல. குளிர் நாடொன்றில், எனக்குப் பெயர் தெரியாத ஒருவர் இறந்தபோது அவருடைய வீட்டார் கொடுத்தவை. திருகோணமலைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒருவரும் நம்பவில்லை. "கிட்னி மாத்தினவை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நுரையீரலை மாத்தேக்க மூச்சை எங்க வச்சிட்டு மாத்துறது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மயக்கத்தில் கிடந்ததால் எனக்கும் விடை தெரியாது என்று சொன்னேன். அவருக்கு அது திருப்தியில்லை.

என் சொந்த நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிப்போய், குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் குந்த வேண்டியிருந்த காலத்தில்தான் வெளிநாட்டிலிருந்த தம்பி என்னைக் கூப்பிட்டான். ஒரு ஆளுக்குத்தான் விசா கிடைத்தது. கணவர் இங்கே, நான் அங்கே. சத்திரசிகிச்சை நடந்தது, பிழைத்தேன், இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். பிறகு, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், ஊருக்குப் போகப்போகிறேன் என்று அடம்பிடித்தேன். டொக்டர் வேண்டாம் என்றார். தம்பி வேண்டாம் என்றான். தம்பியின் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் வாய்க்கு அந்த வீட்டில் இரண்டு வருடம் இடம் கொடுத்ததே பெரிய விஷயம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நேர்ஸ் இருந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளை, ஈச்சிலம்பற்றில் பிறந்தவள். டொக்டர் சொல்வதை எனக்கும், நான் ஏசுவதை நாகரிகமாக்கி டொக்டருக்கும் சொல்வது அவள்தான். புறப்படுவதற்கு முந்தின கிழமை என்னை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினாள்.

"அக்கா, உடம்புக்கு இது இரவல் சாமான் எண்டு தெரியும். மருந்து போட்டு அதின்ர வாயை அடைச்சு வச்சிருக்கிறம். ஆனா சில பேருக்கு வருசக்கணக்கில மெல்ல மெல்ல மறுக்கத் தொடங்கும். வலி இராது, காய்ச்சல் இராது. சின்னச் சின்ன மூச்சுக் குழாய்கள் ஒவ்வொண்டாச் சுருங்கிக்கொண்டு போகும். பிடிச்சிட்டால் மெதுவாக்கலாம், திருப்ப ஏலாது."

"அதை முதலே கண்டுபிடிக்க ரத்தத்தில ஒண்டும் தெரியாதோ?"

"அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம். உங்களிட்ட ஒவ்வொரு முறையும் கூடுதலா ரெண்டு குழாய் ரத்தம் எடுக்கிறது அதுக்குத்தான். மறுக்கப்போகுது எண்டு முன்கூட்டிச் சொல்லுற அடையாளம் ஒண்டு ரத்தத்தில இருக்கவேணும். இன்னும் பிடிபடேல்லை."

எங்கள் ஊரில் அடையாளம் கேட்டால் அட்டையை எடுத்து நீட்டுவோம். இவர்கள் ரத்தத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது நீட்டமாட்டேன் என்கிறது. அது நீட்டும் வரைக்கும் கையில் இருக்கும் ஒரே அடையாளம் மூச்சுத்தான் என்றாள். நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். முதல் நொடியில் எத்தனை லீற்றர் காற்று வருகிறது என்பதுதான் கணக்கு. என்னுடையது இரண்டு தசம் நான்கு, எழுதினால் 2.4. அது ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, இறங்கினபடியே நின்றால் உடனே விமானம் ஏற வேண்டும். இந்த நிபந்தனையோடுதான் என்னை விட்டார்கள். உள்ளங்கை அகல மெசின் ஒன்றும் தந்துவிட்டார்கள். ஊதினால் எண்ணைக் காட்டும், திகதியோடும் நேரத்தோடும் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ரெலிபோன் ரிசீவரில் அதைப் பிடித்தால் விசிலடித்து எல்லாவற்றையும் அங்கே ஒப்புவித்துவிடும்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் நான் செய்த முதல் வேலை, அந்த மெசினின் எண் தெரியும் கண்ணாடிக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியது.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாம், ஓம், அதுதான். காலையில் ஆறு மணிக்கு ஊதிவிட்டு அந்த எண்ணைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க நான் மனுசியாக இருக்கமாட்டேன். தசம் ஒன்று குறைந்தால் செத்தவீட்டுக் கோலம், தசம் ஒன்று கூடினால் இது மெசினின் பிழை என்ற சந்தேகம். உட்துறைமுகத்தில் கடற்படைக்காரர் களவாக முழுகி வருபவர்களை விரட்டத் தண்ணீருக்குள் வெடி போடும் நாட்களில் நான் திடுக்கிட்டுப் பிழையாக ஊதுவதும் சேர்ந்துவிடும். எப்படியும் மெசினுக்குத் தெரியும், அது அவர்களுக்குச் சொல்லும், அவர்கள் தேவையென்றால் கூப்பிடுவார்கள். நான் ஏன் இடையில் நின்று நெஞ்சிடிபட வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல "ஓம், ஓம்" என்றுவிட்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு அப்போது வேலை தலைக்கு மேல். கடல் ஊருக்குள் வந்து போனதில் உடைந்த பைபர் போட்டுகளை, மீன்பிடிப் படகுகளை, ஒட்டி, தேய்த்து, புதுசாக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். பின்னேரம் வரும்போது மயிரெல்லாம் வெள்ளைத் தூளாக வந்து நிற்பார். கிழவனாகிவிட்டீர்களே என்று பகிடி பண்ணுவேன்.

எங்கள் ஒழுங்கையின் குணத்தைச் சொல்லாமல் மேலே போக ஏலாது. ஒரு வீட்டுக்கு ஒரு மெசின் வந்தால் அது அந்த வீட்டு மெசின் அல்ல. எனக்கு முதலே ஒரு வீட்டுக்கு மத்திய கிழக்கிலிருந்து பிரசர் பார்க்கும் மெசின் வந்திருந்தது. ஒரு மாதம் ஒழுங்கை முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றது. பிரசர் இல்லாதவர்களுக்கும் வந்தது. அப்படியிருக்க, நுரையீரல் பார்க்கும் மெசினை விடுவார்களா?

எதிர்வீட்டு அக்காவின் புருசன்தான் முதலில் ஊதினார். கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் முழுகுகிற மனுசன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பிளாஸ்டரை ஒரு பக்கம் உரித்துப் பார்த்தவர்கள் ஐந்து தசம் எத்தனையோ என்றார்கள். நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அக்கா, அவருக்கு இழுப்பு, ஒன்றைத் தாண்டவில்லை. "எனக்கு நேற்றுப் பழஞ்சோறு, அதுதான்" என்றார். பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் தான் முப்பது வருடம் கத்தினதால் தன் நுரையீரல் தனி என்று வந்து ஊதி, சாதாரண எண் வந்ததும் மெசினைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஊதுவதற்கான மட்டைக் குழாய்கள் ஒரு பெட்டி தந்துவிட்டிருந்தார்கள், அது கரைந்துபோனதும் என் கணவர் பழைய கலண்டர் மட்டையைச் சுருட்டி ஆளுக்கொன்று செய்து கொடுத்தார். என் குழாயை மட்டும் நான் அலுமாரியில் பூட்டி வைத்தேன். எனக்கு வந்த இரண்டாவது உயிரை ஒழுங்கையின் சளி தடிமனுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

எல்லோரையும் விடப் பலமாக ஊதியவன் ஒரு ஆமிக்காரன். மாதக் கடைசியில் மெசினைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் கொமினிகேஷன் கடைக்கு, கோல் எடுக்கும் இடத்துக்கு, நடக்கும்போது செக்பொயின்றில் மறித்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் என் நுரையீரல் என்றேன். அவன் ஒரு அடி பின்னால் போய், பையை இன்னும் அகலமாகத் திறந்து உள்ளே பார்த்தான். ஊதிக் காட்டினேன். நம்பவில்லை. வேறு வழியில்லாமல் கலண்டர் மட்டை ஒன்றைச் செருகி அவனிடமே கொடுத்தேன். ஊதினான், பிளாஸ்டரை உரித்து எண்ணைப் பார்த்தான், பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டு ஊதச் சொன்னான். அன்றைக்குச் செக்பொயின்றில் எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் அவன் மறித்ததில்லை, தூரத்தில் கண்டாலே கன்னத்தை உப்பிக் காட்டுவான்.

நானா கிண்ணியாக்காரர். அவருடைய கடையில் நான் ரிசீவரில் மெசினைப் பிடித்ததும் அது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கும். கோல் எடுக்க வந்து நிற்கிற சனமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்கும். "புள்ளயோட நுரையீரல் கதைக்குது, சத்தம் போடாதீங்க" என்பார் நானா.

அப்படியே ஒன்பது பத்து மாதம் நல்லாகத்தான் போனது. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. மூதூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும், லைன் அறுந்துவிடும், நான்கு கிழமை மெசின் ஒன்றும் ஒப்புவிக்கவில்லை. லைன் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நானா சைக்கிளில் வீட்டுக்கே வந்தார்.

"தங்கச்சி, உங்கட நேர்ஸ் புள்ள கோல் எடுத்தா. பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்ப எடுப்பாவாம். மெசினையும் கொண்டு வரட்டாம். குரல் ஒரு மாதிரி இருந்திச்சி."

கணவரும் நானும் போனோம். நானாவின் கடையில் அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன வேலையோ, எதிர்வீட்டு அக்கா, முழுகுகிறவர், ஆசிரியர் எல்லோரும் எங்களுக்கு முதலே வந்து நின்றார்கள். ஆறு மணிக்கு மணி அடித்தது.

"அக்கா," என்றாள் நேர்ஸ், வணக்கம் ஒன்றும் இல்லாமல். "நீங்கள் ஒராளோ, ஒரு ஊரோ?"

"ஏன் பிள்ளை?"

"முந்தின மாதங்களில உங்கட வழமையான எண்ணைக் கண்டிட்டு மிச்சத்தை மெசின்ர பிழை எண்டு விட்டிட்டம், இந்த முறைதான் எல்லாத்தையும் கோடு கீறிப் பாத்தம். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஓட்டப்பந்தயக்காரரின்ர மூச்சு. புதன்கிழமை தொண்ணூறு வயசு. வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலத்துக்குள்ள பத்து நுரையீரல். டொக்டர் கடதாசியை வச்சுக்கொண்டு தலையைப் பிடிச்சபடி இருக்கிறார்."

மறைக்க ஏலாது. ஒழுங்கையின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன், ஆமிக்காரனையும் சேர்த்து. அவள் அதை டொக்டருக்குச் சொல்வதும், அந்த மனுசன் சிரிப்பதும் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. அவள் குரல் தணிந்தது.

"அக்கா, கவனமாக் கேளுங்கோ. இந்தச் சந்தைக்குள்ள ரெண்டு கோடு மட்டும் ஒழுங்கா வருது. ஒவ்வொரு நாளும், உங்கட நேரப்படி காலமை ஆறு மணிக்குக் கிட்ட. ரெண்டும் ரெண்டு தசம் நாலில தொடங்குது. ஒண்டு அப்படியே நிக்குது, மற்றது ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, இப்ப ஒண்டு தசம் ஆறு. இறங்கிற கோடு நீங்கள் எண்டால் நாளைக்கே ரிக்கெற் போடவேணும்."

காலை ஆறு மணிக்கு ஊதுவது நான் மட்டும்தான். இரண்டு தசம் நான்கு என்னுடைய எண். நிற்கிற கோடு மெசினின் பிழை, இறங்குகிறதுதான் நான் என்று மனம் அடித்துச் சொன்னது. ஐந்தில் ஒரு பங்கு எப்போதோ போய்விட்டது, நான் பிளாஸ்டரை ஒட்டிவிட்டு ஒழுங்கைக்குப் பகிடி காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போனால் தனியாகத்தான் போக வேண்டும். போனால் திரும்பி வருவதென்பது இல்லை, அதை அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுகொண்டுதான் நின்றேன்.

"இப்ப ஊதுங்கோ," என்றாள். "நான் லைனில நிக்கிறன். மூண்டு தரம். எண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ."

பிளாஸ்டரை உரிக்க எனக்குக் கை வரவில்லை. நானாதான் உரித்தார். மூச்சை இழுத்தேன், ஊதினேன். பார்க்கவில்லை. "ரெண்டு தசம் மூணு," என்றார் நானா. திரும்பவும் ஊதினேன். "ரெண்டு தசம் நாலு." மூன்றாவது தரமும் அதே எண். "எனக்குக் கண்ணாடி இருக்கு, தங்கச்சி, வடிவாப் பாத்துத்தான் சொல்றேன்" என்று அவரே சத்தியம் பண்ணினார். ரிசீவருக்குள் நேர்ஸ் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டு அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார், அவருக்கு இழுப்பு வந்தது, முழுகுகிறவர் இருவரையும் பிரித்துவிட்டார்.

"அப்ப அந்த இறங்கிற கோடு ஆர்?" என்று நேர்ஸ் கேட்டாள். "டொக்டர் கேக்கிறார். அது ஆரெண்டாலும் அந்த ஆள் நல்லா இல்லை அக்கா."

ஆசிரியர் தான் எட்டு மணிக்கு முதல் எழும்புவதே இல்லை என்று, ஒருவரும் கேட்காமலே, சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் வாசலில் நின்று சுவரில் ஒட்டியிருந்த பழைய சவர்க்கார விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருடம். அந்த மனுசன் சுவரை வாசித்தால் எனக்குத் தெரியாதா?

"இஞ்சேருங்கோ," என்றேன். "இஞ்ச வாங்கோ."

"எனக்கென்னத்துக்கு? நீர் நல்லா இருக்கிறீர் தானே. வாரும் போவம்."

"வாங்கோ எண்டு சொன்னனான்."

வந்தார். ஊதினார். ஊதி முடிவதற்குள் இருமல் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். நானா எண்ணை வாசிக்கவில்லை, மெசினை என் பக்கம் திருப்பினார். ஒன்று தசம் ஆறு. ஒரு வருடத்துக்குப் பிறகு என் கண்ணால் நான் பார்த்த முதல் எண் அதுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வழி முழுக்க ஏசினேன். செக்பொயின்ற்காரன் கன்னத்தை உப்பிக் காட்டியவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வாயை மூடிக்கொண்டான். ஒழுங்கை முகப்பில் எனக்கு மூச்சு முட்டி நின்றபோதுதான் அவர் கதைத்தார்.

"நீர் ஊதிப்போட்டு மருந்துக் குளிசை போடக் குசினிக்குப் போவீர். நான் பிளாஸ்டரை உரிச்சு உம்மட எண்ணைப் பாப்பன். பாத்திட்டுத் திரும்ப ஒட்டி வைப்பன். அதைப் பாக்காமல் நான் ஒருநாளும் வேலைக்குப் போகேல்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஒருநாள் சும்மா நானும் ஊதிப் பாத்தனான். எனக்கும் ரெண்டு தசம் நாலு. ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சு எண்டு சந்தோசமா இருந்தது. பிறகு எனக்கு இறங்கிக்கொண்டு போச்சு. உமக்கு அப்படியே நிண்டது. அது காணும், அது போதும் எண்டு இருந்திட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஒரு வீட்டில ஒரு நோய்க்காரர் காணுமே."

அந்த வெள்ளைத் தூள் தலையில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று என் பகிடிக்குச் சிரித்திருக்கிறார். ராவில் அவர் இருமுவது எனக்குக் கேட்டதுதான். பீடி என்று நினைத்தேன், அதற்கும் ஏசினேன். என் மூச்சு ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்துப் பாயில் கிடந்தவரின் மூச்சு கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, நடுத்தெருவென்றும் பார்க்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டொக்டர் வயதில் சின்னவர், நெஞ்சைக் கேட்டார், கையைப் பார்த்தார், என்ன தொழில் என்று கேட்டார். போட்டுகளைத் தேய்க்கும்போது பறக்கும் தூளும் பிசின் மணமும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டன, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் திருப்ப ஏலாமல் போயிருக்கும், இப்போது திருப்பலாம் என்றார். திருப்பலாம் என்ற அந்த ஒரு சொல்லை மூன்று தரம் சொல்லவைத்துக் கேட்டேன். இழுக்கிற பம்ப் ஒன்று கொடுத்தார், தேய்க்கிற வேலையை விடச் சொன்னார். பிறகு என் கணவர் போட்டுகளுக்குப் பெயர் எழுதும் வேலைக்கு மாறினார். கோணலாக எழுதுவார், ஆனால் முதலாளி நல்ல மனுசன்.

ஊதும் முறையும் மாறியது. மெசினை ஒழுங்கைக்குக் கொடுப்பதில்லை என்று அறிவித்தேன். இரண்டு நாள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அவர் ஊதுவார், நான் எண்ணைப் பார்ப்பேன். நான் ஊதுவேன், அவர் பார்ப்பார். அவருடையது ஒன்று தசம் எட்டாகி, இரண்டாகி, மெல்ல மெல்ல ஏறியது. ஒவ்வொரு தசத்துக்கும் நான் பட்ட சந்தோசத்தை, என் எண்ணைப் பார்த்தால் நாள் கெடும் என்று சொல்லித் திரிந்த அதே வாயால் இப்போது சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, வெடிச்சத்தம் கிட்டக்கிட்டக் கேட்கத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், நேர்ஸ் திரும்பவும் எடுத்தாள்.

"அக்கா, செய்தியில உங்கட ஊரைக் காட்டுறாங்கள். நுரையீரல் நல்லா இருந்தாலும் பரவாயில்லை, வாங்கோ எண்டு டொக்டர் சொல்லுறார். விசாவுக்குக் கடிதம் தாறாராம். ஒரு ஆளுக்குத்தான்."

"டொக்டருக்கு நன்றி சொல்லும் பிள்ளை," என்றேன். "நான் வரேல்லை. காலமையில இஞ்ச ரெண்டு பேர் ஊதவேணும், ரெண்டு பேர் பாக்கவேணும்."

அவள் அதை டொக்டருக்குச் சொல்வது கேட்டது. பிறகு, "சரி அக்கா, இண்டைக்கு எண் எவ்வளவு?" என்று கேட்டாள்.

இரண்டு பேருடையதையும் சொன்னேன். முதலில் அவருடையதைச் சொன்னேன்.